வீங்கிய வயிறு, வறண்ட ரத்தம்

கெட்டித் தயிர் வேண்டுமென்றால் என்ன செய்வோம்? மெல்லிய வேட்டித் துணியில் தயிரைக் கொட்டி, நாலு முனையையும் சேர்த்து முடிந்து, ஆணியில் தொங்கவிட்டு, அடியில் ஒரு கிண்ணம் வைப்போம். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் கிண்ணத்தில் வெளிர்மஞ்சளாகத் தண்ணீர் நிற்கும். மூட்டைக்குள் இருப்பது பாதியாகச் சுருங்கி, கரண்டியை நட்டால் விழாமல் நிற்கிற பதத்துக்கு வந்திருக்கும். வெளியிலிருந்து சொட்டுத் தண்ணீர் சேரவில்லை. தயிரில் இருந்ததுதான் இடம் மாறியிருக்கிறது.

குழந்தைப்பேறு சிகிச்சையில் இருக்கும் ஒரு பெண் நடுராத்திரியில் வயிறு உப்பி, மூச்சு வாங்கி, அவசரப் பிரிவுக்கு வந்து சேர்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நடந்திருப்பது அநேகமாக இதேதான். தயிர் இருக்கும் இடத்தில் ரத்தம், துணி இருக்கும் இடத்தில் ரத்தக்குழாயின் சுவர், கிண்ணம் இருக்கும் இடத்தில் வயிற்றறை. மருத்துவத்தில் இதற்குச் சினைப்பை மிகைத்தூண்டல் நோய்க்குறி என்று பெயர். மருத்துவமனையில் எல்லோரும் ஓ.எச்.எஸ்.எஸ். என்பார்கள். வயிற்றில் அத்தனை தண்ணீர் இருக்கிறது, ஆனால் ரத்தம் வறண்டு கிடக்கிறது. இந்த முரணைப் பிடித்துக்கொண்டவர் சிகிச்சையில் பெரிதாகத் தவறமாட்டார். பிடிக்காதவர் நல்லெண்ணத்தோடே கெடுதல் செய்துவிடுவார்.

முதலில் துணி ஏன் இழை விடுகிறது என்று பார்ப்போம்.

இயல்பாக மாதத்துக்கு ஒரு முட்டைதான் முதிரும். பல முட்டைகள் கிளம்பும், ஒன்று முந்தும், மற்றவை வாடிவிடும். ஐ.வி.எஃப். சிகிச்சைக்கு அந்த ஒன்று போதாது. அதனால் எஃப்.எஸ்.எச். ஊசியை ஒன்பது பத்து நாள் தினமும் போட்டு, வாட வேண்டியவற்றையும் சேர்த்து வளர்க்கிறார்கள். ஒவ்வொரு முட்டையும் ஒரு சிறு நீர்ப்பைக்குள் வளரும். ஃபாலிக்கிள் என்று ஸ்கேன் அறையில் எண்ணுவது அதைத்தான். பத்துப் பன்னிரண்டு வந்தாலே போதும். பி.சி.ஓ.டி. உள்ளவர்கள், இளவயதுக்காரர்கள், முட்டைக் கையிருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். அளவு தூக்கலாக இருப்பவர்கள் என்றால் இருபது, முப்பது கூட வரும். எண்ணிக்கை கூடக்கூட வீட்டில் சந்தோஷம் கூடும். 'உங்களுக்கு நிறைய முட்டை' என்பதை வாழ்த்துச் செய்தியாகச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும் மருத்துவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. அதே மூச்சில் எச்சரிக்கையும் வர வேண்டும்.

முட்டைகள் வளர்ந்ததும் கடைசியாக ட்ரிகர் ஊசி. கைப்பேசியில் அலாரம் வைத்து, நிமிடம் தவறாமல் போட்டுக்கொள்ளச் சொல்வது இதைத்தான்; 34 முதல் 36 மணி நேரத்துக்குள் முட்டைகளை எடுத்தாக வேண்டும். பெரும்பாலும் இது எச்.சி.ஜி. என்ற ஹார்மோன். முட்டையை முதிரவைக்க உடம்பு தானாகச் சுரக்கும் எல்.எச். ஹார்மோன், ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பாதியாகிவிடும். எச்.சி.ஜி. பாதியாவதற்கே ஒரு நாளுக்கு மேல் ஆகும். ஆக, முட்டைகளை எடுத்து முடித்த பிறகும் அது நாள்கணக்கில் ரத்தத்தில் நின்று, காலியான பைகளைத் தூண்டிக்கொண்டே இருக்கும். அந்தப் பைகளின் செல்கள் வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரக்கும். ரத்தக்குழாய்களை வளர்க்கவும், அவற்றின் சுவரைத் தளர்த்தவும் வல்ல புரதம் அது. ஒரு முட்டைக்குரிய அளவு வந்தால் ஒரு பாதகமும் இல்லை. இருபது பைகள் ஒன்றாகச் சுரந்தால் அது ரத்தத்தில் கலந்து நுண்குழாய்ச் சுவர்களின் செல்களுக்கிடையே உள்ள பிடிப்பைத் தளர்த்திவிடுகிறது.

நல்ல துணியில் கட்டிய தயிரிலிருந்து தெளிந்த தண்ணீர்தான் சொட்டும். துணி நைந்து இழை விட்டிருந்தால் வெள்ளையும் சேர்ந்து இறங்கும். இங்கே நடப்பது இரண்டாவது. வெறும் நீரோடு ஆல்புமின் புரதமும் ஒழுகிவிடுகிறது. ரத்தத்துக்குள் தண்ணீரைப் பிடித்துவைப்பதே ஆல்புமின்தான். அதுவும் வெளியே போனால் போன இடத்துக்கு மேலும் தண்ணீரை இழுக்கும். வயிற்றறை நிறையும், சிலருக்கு நுரையீரலைச் சுற்றியும் நீர் கோக்கும். சினைப்பைகளும் வீங்கி, கடுமையான நிலையில் 12 சென்டிமீட்டரைத் தாண்டும். சாதாரணமாக அவை மூன்று, நான்கு சென்டிமீட்டர்தான்.

இது இரண்டு அலையாக வரும். ட்ரிகர் ஊசி போட்ட ஒரு வாரத்துக்குள் வருவது முதல் அலை. அதற்குக் காரணம் ஊசியில் போன எச்.சி.ஜி. பத்து நாளைக்குப் பிறகு வருவது இரண்டாவது. அதற்குக் காரணம் கருப்பையில் ஒட்டிக்கொண்ட கரு தானே சுரக்கும் எச்.சி.ஜி. அதாவது சிகிச்சை பலித்ததாலேயே வரும் சிக்கல். இரட்டைக் கரு என்றால் இன்னும் தீவிரம். முதல் அலை, கர்ப்பம் தரிக்காவிட்டால் மாதவிலக்கு வரும் சமயத்தில் தானாக அடங்கிவிடும். இரண்டாவது வாரக்கணக்கில் இழுக்கும்.

பயப்படுகிறவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். லேசான உப்பசமும் வலியும் ஐ.வி.எஃப். செய்துகொள்கிறவர்களில் மூன்றில் ஒருவருக்குக்கூட வரலாம், ஓய்விலேயே சரியாகிவிடும். நடுத்தரம், கடுமை என்று சொல்லத்தக்கவை நூற்றுக்கு 3 முதல் 8 வரை. அவர்கள்தான் அவசரப் பிரிவின் கதவைத் தட்டுகிறவர்கள்.

அந்தக் கதவுக்கு உள்ளே என்ன நடக்கிறது? பணியில் இருக்கும் இளம் மருத்துவருக்குத் தெரிவது இவ்வளவுதான்: இருபத்தேழு இருபத்தெட்டு வயதுப் பெண், வயிற்று வலி, வாந்தி, வயிறு வீக்கம். மூன்று நாளில் புடவைக் கொசுவம் நிற்கவில்லை, படுத்தால் மூச்சு முட்டுகிறது, காலையிலிருந்து ஒரே தடவைதான் சிறுநீர், அதுவும் அடர்மஞ்சளாக. ரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்கள் இருபதாயிரத்துக்கு மேல். உடனே எண்ணம் அப்பெண்டிக்ஸுக்கோ கிருமித் தொற்றுக்கோ ஓடும். ஆனால் வெள்ளணுக்கள் ஏறியதில் ஒரு பகுதி, ரத்தம் சுண்டியதால் வந்த ஏற்றம். தயிர் மூட்டையிலிருந்து தண்ணீர் இறங்கிவிட்டால் மிச்சமிருப்பதெல்லாம் நெருக்கிக்கொண்டு நிற்கும் அல்லவா?

அதை நேரடியாக அளந்து சொல்வது பி.சி.வி. ரத்தத்தில் சிவப்பணுக்கள் நூற்றுக்கு எத்தனை பங்கு என்ற கணக்கு. பெண்களுக்கு ஏறத்தாழ 36 முதல் 46 வரை இயல்பு; நம் பெண்களில் ரத்தசோகை அதிகம் என்பதால் 33, 34 என்று இருப்பதே வழக்கம். 45-ஐத் தாண்டினால் ஓ.எச்.எஸ்.எஸ். கடுமை, 55-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து என்கிறது பிரிட்டனின் ராயல் மகப்பேறு, மகளிர்நோய் மருத்துவக் கல்லூரியின் 2016-ஆம் ஆண்டு வழிகாட்டி. சிகிச்சைக்கு முன் 32 இருந்தவருக்கு இப்போது 43 என்றால், எண்ணைத் தனியாகப் பார்த்து 'நார்மல்' என்று சொல்லிவிடக் கூடாது. பழைய ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டு அவசரப் பிரிவுகளுக்கு இது புதிய பாடமே இல்லை. டெங்குக் காலத்தில் ஒவ்வொரு படுக்கைக்கும் பி.சி.வி. எழுதி வைத்துக் கவனிக்கிறார்களே, அங்கேயும் ரத்தக்குழாய்ச் சுவர் கசிவதுதான் பிரச்சினை. டெங்குவில் கசிவு ஓரிரு நாளில் நின்றுவிடும், தட்டணுக்கள் சரியும். இங்கே கசிவு நாள்கணக்கில் நீடிக்கும், தட்டணுக்கள் சரிவதில்லை, ஏறத்தான் செய்யும். டெங்குவைப் பார்த்துப் பழகிய கை இதையும் பார்த்துக்கொள்ளும். கேள்வி சரியாகக் கேட்கப்பட்டிருந்தால்.

அந்தக் கேள்வி: "ஏம்மா, குழந்தைக்காக ஊசி ஏதாச்சும் போட்டுக்கிட்டு இருக்கியா?"

மாமியார் பக்கத்தில் நிற்கும்போது இதற்குப் பெரும்பாலும் 'இல்ல சிஸ்டர்' என்றுதான் பதில் வரும். பல வீடுகளில் ஐ.வி.எஃப். புருஷன் பெண்டாட்டிக்கு மட்டும் தெரிந்த ரகசியம். அனுபவமுள்ள நர்ஸ் என்றால், "ஈ.சி.ஜி. எடுக்கணும், நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா" என்று சொல்லித் திரையை இழுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்பார். எந்தத் தேதியில் ட்ரிகர், எந்தத் தேதியில் முட்டை எடுத்தார்கள், எத்தனை முட்டை, கரு வைத்தாயிற்றா? இந்த நாலு விவரம் கிடைத்தால் பாதி நோய் பிடிபட்டுவிடும்.

இன்னும் ஆழமாக மறைக்கப்படும் ரகசியம் ஒன்றும் உண்டு. சினைமுட்டை தானம் செய்கிறவர்களுக்கும் இதே ஊசிகள்தான், இதே ஆபத்துதான். 2021-ஆம் ஆண்டின் இந்திய செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம், தானம் தருபவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே முறைதான் தரலாம், ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது என்கிறது. அவருக்குப் பன்னிரண்டு மாதக் காப்பீடும் எடுத்துத்தரச் சொல்கிறது. அடுத்த ஆண்டே ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியிடம் பல தடவை முட்டை எடுக்கப்பட்ட வழக்கு வெளிவந்தது. அப்படி ஒரு பெண் வயிறு வீங்கி வந்தால் கணவர் பெயரும் சொல்லமாட்டாள், கிளினிக் பெயரும் சொல்லமாட்டாள். 'கல்யாணம் ஆகவில்லை, அதனால் அதுவாக இருக்காது' என்று முடிவு கட்டுவது அங்கே உயிருக்கு உலை வைத்துவிடும்.

இனி சிகிச்சை. தயிர் மூட்டையை மனதில் வைத்துக்கொண்டே வாருங்கள்.

வயிறு வீங்கியிருக்கிறது, சிறுநீர் போகவில்லை. பழக்கப்பட்ட கை உடனே லாசிக்ஸ் ஊசியைத் தேடும். நீர் பிரியச் செய்யும் மருந்து கிண்ணத்துத் தண்ணீரை எடுக்காது. ஏற்கெனவே சுண்டிக் கிடக்கும் மூட்டையைத்தான் மேலும் பிழியும். ரத்தம் இன்னும் கெட்டிப்படும், சிறுநீரகம் இன்னும் காயும். ரத்த ஓட்டம் நிறைவாக இருக்கிறது என்று உறுதியான பிறகும், வயிற்று நீரை எடுத்த பிறகும் சிறுநீர் வராமல் இருந்தால் மட்டும், அதுவும் மூத்த மருத்துவர் பார்த்து, யோசிக்க வேண்டிய மருந்து அது.

சரி, காய்ந்திருக்கிறது என்றால் டிரிப்பைத் திறந்துவிடலாமா? மூட்டையின் மேல் சொம்புத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். அடுத்த நிமிடமே கிண்ணத்தில். சலைன் இழை விட்ட சுவர் வழியாக வயிற்றுக்கு இறங்கி வீக்கத்தைத்தான் கூட்டும். அதற்காகத் தண்ணீரே கூடாது என்றில்லை. வாய்வழியாகக் குடிக்க முடிந்தால் தாகத்துக்கு ஏற்பக் குடிப்பதே முதல் வழி. வாந்தி நிற்காதவருக்கும் ரத்த அழுத்தம் இறங்கியவருக்கும் அளந்து டிரிப் ஏற்ற வேண்டும். அப்படியும் பி.சி.வி. இறங்கவில்லை, சிறுநீர் வரவில்லை என்றால் ஆல்புமின் ஏற்றுவார்கள். தயிரில் வெள்ளை இருந்தால்தானே தண்ணீர் அதில் நிற்கும். என்ன, ஆல்புமின் பாட்டிலின் விலை வீட்டார் முகத்தை மாற்றிவிடும். அதனால் யாருக்குத் தேவை என்று பார்த்துக் கொடுப்பதும் வைத்தியத்தில் சேர்த்திதான்.

வலிக்குப் பாராசிட்டமால். டைக்ளோஃபெனாக் வகை ஊசி வேண்டாம். ரத்த ஓட்டம் குறைந்து திணறிக்கொண்டிருக்கும் சிறுநீரகத்தை அது மேலும் வாட்டும். வயிற்றை அழுத்திப் பார்ப்பதும் உள்பரிசோதனை செய்வதும் கூடாது, வீங்கிய சினைப்பை கிழிந்து ரத்தம் கொட்டலாம். சோடியம் குறைந்து பொட்டாசியம் ஏறுவது இதில் வாடிக்கை என்பதால் உப்பு அளவுகளைப் பார்க்க வேண்டும். தினமும் எடை, தொப்புள் மட்டத்தில் வயிற்றுச் சுற்றளவு, 24 மணி நேர சிறுநீர் அளவு. இந்த மூன்றும் எழுதப்படாத கேஸ் ஷீட்டை நான் நம்பமாட்டேன்.

ஓரிடத்தில் தயிர் மூட்டை நமக்குக் கைகொடுக்காது. அடுப்படிக் கிண்ணம் திறந்த பாத்திரம். நிறைந்தால் வழியும், மூட்டையை ஒன்றும் செய்யாது. வயிறு மூடிய அறை. நீர் சேரச்சேர உள்ளே அழுத்தம் ஏறி, சிறுநீரகத்திலிருந்து ரத்தம் திரும்பும் சிரைகளை நசுக்கும், உதரவிதானத்தை மேலே தள்ளி மூச்சை அடைக்கும். ஆல்புமின் கொடுத்தும் சிறுநீர் வராத பெண்ணுக்கு, ஸ்கேன் பார்த்தபடி ஊசி செலுத்தி இரண்டு மூன்று லிட்டர் நீரை மெதுவாக வடித்துவிட்டால், சில மணி நேரத்தில் சிறுநீர்ப் பை நிறையத் தொடங்குவதைப் பார்க்கலாம். முதல் லிட்டர் இறங்கும்போதே "அப்பாடா, மூச்சு விட முடியுது" என்பார்கள். குழாய் போனால் கருவுக்கு ஆபத்து என்று பயந்து தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. ஸ்கேனில் சினைப்பையையும் கருப்பையையும் கண்ணால் பார்த்து ஒதுக்கிவிட்டுத்தான் குத்துகிறார்கள்.

ஊசி போட்டுக்கொண்ட பெண்ணின் வயிற்று வலி எல்லாமே ஓ.எச்.எஸ்.எஸ். இல்லை. முட்டை எடுக்கும்போது ஊசி யோனிச் சுவரைத் துளைத்துத்தான் சினைப்பைக்குப் போகிறது. வழியில் ரத்தக்குழாய் கீறினால் அன்றோ மறுநாளோ வயிற்றுக்குள் ரத்தம் சேரும். அப்போதும் ஸ்கேனில் தெரிவது 'வயிற்றில் நீர்'தான். வித்தியாசத்தைச் சொல்வது மறுபடி பி.சி.வி.: கசிவில் ஏறும், ரத்தப்போக்கில் இறங்கும். ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை எடுத்தால் திசை தெரிந்துவிடும். கூடவே நாடி ஓடி, முகம் வெளுத்துப்போனால் இரண்டாவது முடிவுக்குக் காத்திருக்கக் கூடாது, அறுவை அரங்கைத் தயார் செய்ய வேண்டும்.

திடீரென்று ஒரு பக்கமாக, நின்ற இடத்தில் மடங்கி உட்கார வைக்கும் வலியும் வாந்தியும் என்றால் பெருத்த சினைப்பை தன் காம்பிலேயே முறுக்கிக்கொண்டிருக்கலாம். டாப்ளரில் ரத்த ஓட்டம் தெரிகிறது என்பதை வைத்து முறுக்கல் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஓட்டம் தெரியும்போதே முறுக்கியிருந்த கேஸ்கள் நிறைய. லேப்ராஸ்கோப்பி செய்து முறுக்கை அவிழ்த்துவிட வேண்டும். கறுத்துப்போய்த் தெரிந்தாலும் வெட்டி எடுக்க அவசரப்பட வேண்டாம், பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். காய்ச்சலோடு வந்தால் இடுப்புக்குள் சீழ் கட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், எண்டோமெட்ரியாசிஸ் கட்டி உள்ளவர்களுக்குக் கூடுதலாகவே.

பிறகு டியூப் கர்ப்பம். கருவைக் கருப்பைக்குள்தான் வைத்தோம் என்றாலும் அது நகர்ந்து குழாயில் போய் ஒட்டுவது உண்டு. இதில் ஏமாற்றுவது இரண்டு விஷயம். ட்ரிகர் ஊசியில் போனதே எச்.சி.ஜி. என்பதால் பத்து, பதினாலு நாள் வரை கார்டு டெஸ்டில் இரண்டு கோடு விழும். அது கர்ப்பமே அல்ல. அடுத்தது, ஸ்கேனில் கருப்பைக்குள் கரு தெரிந்தால் டியூப் கர்ப்பம் இல்லை என்ற பழைய பாடம். இயற்கைக் கர்ப்பத்தில் உள்ளே ஒன்று, குழாயில் ஒன்று என்று அமைவது சுமார் 30,000-இல் ஒன்று என்பதால் அந்தப் பாடம் செல்லுபடியானது. இந்தச் சிகிச்சையில் அது ஆயிரத்தில் ஒன்று, சில கணக்குகளில் நூற்றில் ஒன்று வரை வருகிறது. இரண்டு கரு வைத்தவருக்கு உள்ளே ஒன்றைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு ஸ்கேன் கருவியை எடுத்துவிடக் கூடாது. இரு பக்கக் குழாய்களையும் தேடிப் பார்க்க வேண்டும்.

இவ்வளவையும் வரவிடாமல் தடுப்பது கிளினிக்கின் கையில்தான் பெரும்பாலும் இருக்கிறது. ஆபத்து அதிகமுள்ளவருக்கு ஆண்டகோனிஸ்ட் முறையில் ஊசி போட்டு, எச்.சி.ஜி.-க்குப் பதிலாக உடம்பின் சொந்த எல்.எச்.-ஐச் சட்டென்று எழுப்பி அடங்கவிடும் அகோனிஸ்ட் மருந்தை ட்ரிகராகக் கொடுக்கலாம். கருக்களையெல்லாம் உறையவைத்து, உடம்பு அடங்கிய பிறகு இன்னொரு மாதத்தில் வைத்தால் இரண்டாம் அலைக்கு இடமே இல்லை. வி.இ.ஜி.எஃப்.-இன் வேலையைக் குறைக்கக் கேபர்கோலின் மாத்திரை அரை மில்லிகிராம் எட்டு நாள் தருவதும் உண்டு. இந்த வழிகளால் கடுமையான ஓ.எச்.எஸ்.எஸ். முன்பைவிட வெகுவாகக் குறைந்திருக்கிறது. 'இந்த மாதமே கருவை வைத்துவிடுங்கள் டாக்டர்' என்று அவசரப்படுத்தும் குடும்பமும், அதற்குத் தலையாட்டும் கிளினிக்கும் சேரும் இடத்தில்தான் இன்னும் மிச்சமிருக்கிறது.

கடைசியாக, மூட்டைக்குள் மிஞ்சிய கெட்டிக்கு வருவோம். சுண்டிய ரத்தம் உறையும். போதாததற்கு ஈஸ்ட்ரஜன் உச்சத்தில் இருக்கிறது, ஆளும் படுக்கையில். அதனால் கடுமையான நிலையில் சேர்க்கப்பட்ட ஒவ்வொருவருக்கும், ரத்தப்போக்கு போன்ற தடை இல்லாவிட்டால், தினமும் ஹெப்பரின் வகை ஊசி போட வேண்டும். விசித்திரம் என்னவென்றால், ரத்தக்கட்டி எப்போதும் கெண்டைக்காலில் வருவதில்லை. கழுத்து, கை என்று உடம்பின் மேல்பாதியில் வருவது இந்த நோயில் அதிகம். வயிற்று நீர் நிணநீர்க் குழாய் வழியாக மேலேறிக் கழுத்தடிச் சிரையில்தான் கலக்கிறது. அந்த நீரில் உள்ள ஹார்மோன் செறிவு அங்கே உறைதலைத் தூண்டுகிறது என்பது ஒரு விளக்கம். வயிறு வற்றி, எல்லாம் முடிந்தது என்று வீட்டுக்குப் போன பிறகு, வாரங்கள் கழித்துக்கூட இது வரலாம். கர்ப்பம் உறுதியாகி எல்லோரும் சந்தோஷமாக இருக்கும் நேரம். ஒரு காலையில் கழுத்தின் ஒரு பக்கம் தடித்து வலிக்கும். தலையணை சரியில்லை, சுளுக்கு என்று தைலம் தேய்ப்பார்கள். தேய்க்கக் கூடாது. அன்றே கழுத்துச் சிரைக்கு டாப்ளர் எடுக்க வேண்டும். கட்டி இருந்தால் கருவைப் பாதிக்கக்கூடிய வார்ஃபரின் மாத்திரை வேண்டாம். ஹெப்பரின் வகை ஊசிதான், பிரசவம் வரைக்கும், அதற்குப் பிறகு குறைந்தது ஆறு வாரத்துக்கும். டிஸ்சார்ஜ் சீட்டில் 'கழுத்து வீங்கினால் உடனே வரவும்' என்று ஒரு வரி எழுத அரை நிமிடம்கூட ஆகாது. எழுதாவிட்டால் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.